ரெண்டு வாட்டி கூப்பிட்டேம்மா

மும்பையின் பெரிய மருத்துவமனை ஒன்றில், ஆண்கள் பொது மருத்துவ வார்டில் நான் இரவுப் பணி பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் நடந்த ஒன்றை எழுதுகிறேன். நடந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த நோயாளி பிழைத்து வீடு திரும்பிவிட்டதால், அது எந்த மரணக் கணக்கிலும் ஏறவில்லை, எந்த நாளிதழிலும் வரவில்லை. செவிலியர் பற்றாக்குறையால் நேரும் தீங்குகளில் பெரும்பாலானவை இப்படித்தான் கணக்கில் ஏறாமல் கடந்துபோகின்றன என்பதாலேயே எழுத வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் வார்டில் கட்டில்கள் 36. அன்றிரவு தரையில் மெத்தை போட்டுப் படுத்திருந்தவர்களையும் சேர்த்து நோயாளிகள் 42 பேர். பணியில் செவிலியர் இருவர், ஒரு மாவ்ஷி (வார்டு உதவியாளரான அம்மாவை மும்பையில் இப்படித்தான் அழைப்போம்). வார்டு பாய் பக்கத்து வார்டுக்கும் எங்களுக்கும் பொது. இரவு 9 மணிக்குப் பொறுப்பேற்றபோது, மாலைப் பணியில் இருந்த பெண் கட்டில் கட்டிலாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். 22-ஆம் கட்டிலுக்கு வந்ததும், “சர்க்கரைக் கால் புண், காய்ச்சல், இன்சுலின் போட்டாச்சு, ஆன்டிபயாட்டிக் 10 மணிக்கு” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள். அவள் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. இன்சுலின் சரியான அளவில், சரியான நேரத்தில், சரியான ஆளுக்குத்தான் போடப்பட்டிருந்தது. ஆனால் அவர் அன்று இரவு சாப்பிடவில்லை. குமட்டலாக இருக்கிறது என்று இரண்டு வாயோடு தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். மாவ்ஷி தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தட்டு காலியாகத் திரும்பியதா, சோறோடு திரும்பியதா என்று பார்ப்பதற்கு அந்த நேரத்தில் யாருக்கும் கண் ஒழியவில்லை.

22-ஆம் கட்டிலில் இருந்தவர் தாராவியில் குடியிருந்த தமிழர், நெல்லைப் பக்கத்துக்காரர். நானும் அந்தப் பக்கம்தான் என்பதால் அவரை அண்ணாச்சி என்றும், அவர் என்னைத் தங்கச்சி என்றும் அழைக்கும் பழக்கம் இரண்டு நாட்களிலேயே ஏற்பட்டிருந்தது. மனைவி பகலில் வந்து பார்த்துவிட்டு, வீட்டில் பிள்ளைகள் இருப்பதால் இரவு திரும்பிவிடுவார். இரவில் அவருக்குத் துணை யாரும் கிடையாது.

10 மணிக்கு ஆன்டிபயாட்டிக் போட்டேன். அப்போது நன்றாகப் பேசினார். 11 மணிக்கு, இரத்த வாந்தியோடு ஒருவரை அனுமதித்தார்கள். அவருக்கு இரண்டு கைகளிலும் ஊசி ஏற்றி, இரத்தம் எடுத்து, இரத்த வங்கிக்கு ஆளனுப்பி முடிப்பதற்குள் நள்ளிரவு ஆகிவிட்டது. 12 மணிக்குச் சற்றுப் பிறகு இன்னொருவருக்குத் தலை ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். ஆக்சிஜன் சிலிண்டரோடு போக வேண்டிய நோயாளி, ஆகவே செவிலியர் கூடப் போக வேண்டும். என்னோடு இருந்தவள் போனாள். அவள் திரும்பி வர ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அத்தனை நேரமும் 41 பேருக்கு நான் ஒருத்தி. நள்ளிரவு 12 மணிச் சுற்றில் எடுக்க வேண்டிய இரத்த அழுத்தம், நாடித்துடிப்புக் கணக்கில் பாதிக்கு மேல் எடுக்க முடியவில்லை. 22-ஆம் கட்டில் அந்த எடுக்காத பாதியில் இருந்தது.

2 மணி 40 நிமிடத்துக்கு, 23-ஆம் கட்டில் பெரியவருக்குத் துணையிருந்த பையன் ஓடிவந்து, “சிஸ்டர், பக்கத்துக் கட்டில்காரர் என்னமோ உளறுறாரு, சட்டையெல்லாம் தொப்பலா இருக்கு” என்றான். போய்த் தொட்டபோது கை சில்லென்று இருந்தது. மின்விசிறிக்கு அடியில் படுத்திருந்தவரின் தலையணை உறை பிழியும் அளவுக்கு வேர்வையில் நனைந்திருந்தது. விரல் நுனியில் குத்தி எடுத்த சர்க்கரை அளவு 34. இன்சுலின் உள்ளே போயும் சோறு போகாததால், உயிருக்கே ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டே 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்னும் சர்க்கரைக் கரைசல் 100 மில்லி நரம்பில் ஏற்றினோம். சில நிமிடங்களில் கண் திறந்து, எங்கே இருக்கிறோம் என்று கேட்டார். போட்டிருந்தது நீண்ட நேரம் வேலை செய்யும் கலவை இன்சுலின் என்பதால் அதோடு விட்டுவிட முடியாது. மறுபடி இறங்கக்கூடும் என்பதற்காக டெக்ஸ்ட்ரோஸ் சொட்டு போட்டு, விடியும் வரை மணிக்கு ஒரு முறை சர்க்கரை பார்த்தோம். அப்படிப் பார்த்த நேரமெல்லாம் மற்ற நாற்பது பேரிடமிருந்து எடுத்த நேரம்.

விடியற்காலையில் தேநீர் கொடுக்கும்போது அவர் சொன்னதைத்தான் இந்தக் கட்டுரைக்குத் தலைப்பாக வைத்திருக்கிறேன். “தங்கச்சி, ராத்திரி ரெண்டு வாட்டி கூப்பிட்டேம்மா. படபடன்னு வந்துச்சு. நீங்க ஓடிக்கிட்டே கெடந்தீய, பாவம்னு விட்டுட்டேன்.”

எனக்கு அன்று முதல் மனத்தில் பதிந்துபோனது இதுதான். செவிலியர் குறைவாக இருக்கும் வார்டில் நோயாளி கூப்பிடுவதை நிறுத்திவிடுகிறார். சத்தம் போடுகிறவருக்கு எப்படியும் ஆள் கிடைத்துவிடும். அடக்கமானவர், பிறருக்குத் தொந்தரவு தரக் கூச்சப்படுகிறவர், எங்கள் மேல் இரக்கப்படுகிறவர், மொழி தெரியாதவர் ஆகியோர்தாம் வாய் மூடிக் கிடக்கிறார்கள். அவர்களுடைய அமைதியை நாங்கள் உறக்கம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

பிறகு விசாரணை வந்தது. மாலைப் பணியில் இருந்த பெண்ணுக்கு மெமோ கொடுத்தார்கள். உணவு உண்டாரா என்று உறுதி செய்யாமல் இன்சுலின் கொடுத்தது ஏன் என்று கேட்டார்கள். என்னிடம் நள்ளிரவு இரத்த அழுத்தம் எடுக்காததற்கு விளக்கம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தோம். அன்றைய பணிப்பட்டியலை யாரும் கேட்கவில்லை, வார்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையும் கேட்கவில்லை. அந்தப் பெண் சில மாதங்களில் வேலையை விட்டுவிட்டு வெளிநாட்டுத் தேர்வுக்குப் படிக்கப் போய்விட்டாள். அவள் கைத்திறன் உள்ள நல்ல செவிலி. குழந்தையின் கையில்கூட முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்துவிடுவாள். அவளை இழந்தது அந்த மெமோவால் என்றே இன்றும் நினைக்கிறேன்.

இனி எண்ணிக்கை பற்றி. இந்தியச் செவிலியர் மன்றத்தின் அளவுகோல், மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், பிற பொது மருத்துவமனைகளில் ஐந்து நோயாளிகளுக்கு ஒருவர் என்கிறது. அதற்கு மேல் விடுப்புக்காக 30 சதவீதம் கூடுதல் இடங்கள் வேண்டும் என்றும் சொல்கிறது. மத்திய அரசின் பணியாளர் ஆய்வுப் பிரிவு 1990-களின் தொடக்கத்தில் வகுத்த அளவுகோலில் பொது வார்டுக்கு 1:6, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு 1:1 என்று இருக்கிறது. இவற்றைப் படிக்கும் வெளியார், எந்த நேரத்தில் போனாலும் மூன்று பேருக்கு ஒரு செவிலி நிற்பாள் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. பதவிகளின் எண்ணிக்கையில் மூன்றுக்கு ஒன்று என்றால், அது காலை, மாலை, இரவு என்று மூன்றாகப் பிரிந்து, ஒரு வேளைக்கு ஒன்பது பேருக்கு ஒருவராகிவிடும். விகிதத்தைப் பற்றிப் பேசும் எவரிடமும் நான் முதலில் கேட்பது, நீங்கள் சொல்வது பதவிக் கணக்கா, ஒரு வேளையின் கணக்கா என்பதுதான்.

இரவும் பகலும் ஒரு கட்டில் வரிசைக்கு ஓர் ஆள் இருக்க வேண்டுமென்றால், நாளுக்கு மூன்று வேளை, வாரத்துக்கு 21 வேளை. ஒருவர் வாரத்தில் ஆறு வேளை பார்ப்பார். ஆகவே ஓர் இடத்துக்கு மூன்றரைப் பேர் தேவை, அதுவும் யாரும் விடுப்பே எடுக்காவிட்டால். 40 கட்டில் வார்டில் எல்லா வேளையும் ஆறு பேருக்கு ஒருவர் என்று வைத்தால், வேளைக்கு ஏழு பேர், வாரத்துக்கு 147 வேளை, அதை ஆறால் வகுத்தால் இருபத்து நான்கரைப் பேர், விடுப்புக்காக 30 சதவீதம் சேர்த்தால் 32 பேர். வார்டுக்குப் பொறுப்பான மூத்த செவிலி, எங்கள் பொறுப்புச் சகோதரி, இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டியபோது நாங்கள் எல்லாரும் சிறிது நேரம் பேசாமல் நின்றோம், ஏனென்றால் எங்கள் வார்டுப் பட்டியலில் அதில் பாதிப் பேர்கூட இல்லை.

நேரக் கணக்கு இதைவிட எளிது. பத்து மணி நேர இரவு என்பது 600 நிமிடங்கள். பொறுப்பு வாங்கவும் ஒப்படைக்கவும் ஒரு மணி நேரம் போகும். புதிதாக இரண்டு பேர் அனுமதியானால் ஒன்றரை மணி நேரம் போகும். மீதி 450 நிமிடங்களை 21 நோயாளிகளுக்குப் பங்கிட்டால், இரவு முழுதும் சேர்த்து ஒருவருக்கு 21 நிமிடங்கள். ஊசி, மருந்து, சொட்டு மாற்றுவது, சிறுநீர்ப் பை அளப்பது, படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைப்பது, சளி உறிஞ்சுவது, எழுதுவது எல்லாமே அந்த 21 நிமிடங்களுக்குள் நடக்க வேண்டும். இதில் முதலில் விடுபடுவது எதுவென்றால், டாக்டர் எழுதாத வேலைதான். ஊசி விடுபட்டால் மறுநாள் கேள்வி வரும். திருப்பிப் படுக்க வைப்பது, வாய் துடைப்பது, சாப்பிட்டாரா என்று கேட்பது, சும்மா அருகில் நின்று முகத்தைப் பார்ப்பது ஆகியவை விடுபட்டால் யாரும் கேட்பதில்லை. அண்ணாச்சிக்கு நேர்ந்ததும் அதுவே. அன்று மருந்தில் தவறு நடக்கவில்லை, பார்க்க வேண்டியது பார்க்கப்படாமல் போயிற்று.

மூச்சு எண்ணிக்கையைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். எந்த வார்டின் சார்ட்டைப் புரட்டினாலும் மூச்சு எண்ணிக்கை 20, 20, 20 என்றே வரிசையாக இருக்கும். ஒருவரின் மூச்சை எண்ண ஒரு முழு நிமிடம் வேண்டும். 21 பேருக்கு 21 நிமிடங்கள் ஒதுக்க முடியாததால் 20 என்று எழுதிவிடுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் நோயாளி மோசமாகப் போவதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்த எண்தான். இரத்த அழுத்தம் விழும் முன்பே மூச்சு 26, 28 என்று ஏறத் தொடங்கிவிடும்.

இது எங்கள் ஒரு வார்டின் அனுபவம் மட்டுமல்ல. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லிண்டா ஐக்கன் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, அறுவை சிகிச்சைக்குச் சேர்ந்தவர்கள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதைக் காட்டியது. 2014-இல் ஐரோப்பாவின் 9 நாடுகளில், 300 மருத்துவமனைகளில், நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் கணக்கை எடுத்துப் பார்த்தபோதும் அதே 7 சதவீதம்தான் வந்தது. கலிபோர்னியா மாநிலம் 1999-இல் சட்டம் இயற்றி 2004 முதல் நடைமுறைப்படுத்தியது. அங்கே பொது வார்டில் ஒரு செவிலியருக்கு ஐந்து பேருக்கு மேல் கூடாது, செவிலியர் உணவுக்குப் போகும் இடைவேளையிலும் அந்த எண்ணிக்கை காக்கப்பட வேண்டும். ஸ்கேனுக்கு ஒருத்தி போன அந்த ஒன்றேகால் மணி நேரத்தை நினைக்கும்போது, சட்டத்தின் இந்தச் சிறு விவரம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து 2016-இல் பகலில் 1:4, இரவில் 1:7 என்று விதித்தது. கூடுதல் செவிலியருக்கு ஆன செலவைப் போல இரண்டு மடங்குக்கு மேல், நோயாளிகள் மறுபடி வந்து சேர்வது குறைந்ததாலும் சீக்கிரம் வீடு திரும்பியதாலும் மிச்சமானதாக 2021-இல் வந்த ஆய்வு சொல்கிறது. ஆள் போட்டால் செலவு கூடும் என்று சொல்லும் நிர்வாகத்தினர் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

நம் நாட்டில் சம்பளமும் இதோடு பின்னிக் கிடக்கிறது. உச்ச நீதிமன்றம் 2016-இல் பிறப்பித்த உத்தரவின் பேரில் மத்திய அரசு அமைத்த குழு, 50 கட்டிலுக்கும் குறைவான தனியார் மருத்துவமனையிலும் செவிலியரின் மாதச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. மும்பையில் ஒரு அறைக்கு வாடகை கொடுத்துப் பார்த்தவர்களுக்கு, அந்தத் தொகையே எவ்வளவு சொற்பம் என்பது தெரியும்.

அந்த இரவுக்குப் பிறகு எங்கள் வார்டில் சில வழக்கங்களை மாற்றிக்கொண்டோம். ஆள் கூடாவிட்டாலும் இவற்றைச் செய்ய முடிந்தது என்பதால், இளைய செவிலியருக்குப் பயன்படலாம் என்று சொல்கிறேன். இன்சுலினைத் தட்டு கட்டிலுக்கு வந்த பிறகே போடுகிறோம். தட்டை எடுக்கும் மாவ்ஷியிடம், சர்க்கரை நோயாளிகளின் கட்டில் எண்ணைச் சொல்லி வைத்திருக்கிறோம். பாதிக்கு மேல் சோறு மிஞ்சினால் அவர் எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் தட்டை எடுப்பார். இதை ஒரு முறை பொறுமையாக விளக்கியபோது, எங்களைவிட அவரே அதிகக் கவனமாகிவிட்டார். பொறுப்பு ஒப்படைக்கும்போது “இன்சுலின் போட்டாச்சு” என்பதோடு “சாப்பிட்டார்” அல்லது “சாப்பிடவில்லை” என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மில்லிக்கு 40 அலகு உள்ள இன்சுலினுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, மில்லிக்கு 100 அலகு உள்ளதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. 100 அலகு மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும், அதைக் களைத்த கண்ணால் இரவு விளக்கில் கண்டுபிடிக்க முடியாது. பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல்களைப் பிற ஆம்பூல்களோடு வைக்காமல் தனியாகப் பூட்டி வைக்கிறோம்.

பொறுப்பேற்ற உடனே, 42 பேரில் இன்றிரவு மோசமாகக்கூடியவர்கள் யார் என்று இருவரும் சேர்ந்து நான்கைந்து பேரைக் குறித்துக்கொள்வோம். முடிந்தால் அவர்களைச் செவிலியர் மேசைக்கு அருகே மாற்றுவோம். அந்த நான்கைந்து பேருக்காவது மூச்சை முழு நிமிடம் எண்ணுவோம். எல்லாரையும் சமமாகப் பார்க்க முடியாது என்று ஒத்துக்கொள்வது எனக்கு முதலில் மனத்துக்கு ஒவ்வாததாகத்தான் இருந்தது. ஆனால் ஒத்துக்கொள்ளாமல் ஓடிய இரவுகளில்தான் அதிகம் தவறியிருக்கிறது. ஸ்கேனுக்கோ அறுவை அரங்குக்கோ ஒருவர் போனால், போன நேரமும் திரும்பிய நேரமும் ரிப்போர்ட் புத்தகத்தில் ஏறும். அடுத்த வார்டுக்கும் மேற்பார்வைச் சகோதரிக்கும் தொலைபேசியில் சொல்லிவிடுவோம்.

துணைக்கு இருக்கும் உறவினர்களிடம் கேட்டுக்கொள்வதும் உண்டு. உங்கள் ஆள் சாப்பிடவில்லை என்றால், மருந்து கேட்பதற்கு முன் அதைச் சொல்லுங்கள். திடீர் வேர்வை, உளறல், என்றும் இல்லாத தூக்கம், பேசும்போது வாக்கியத்தை முடிக்க முடியாத மூச்சிரைப்பு, பகல் முழுதும் சிறுநீர் போகாமை ஆகியவற்றைக் கண்டால், செவிலி எவ்வளவு அவசரத்தில் ஓடிக்கொண்டிருந்தாலும் நிறுத்திச் சொல்லுங்கள். “சிஸ்டர், ஒரு நிமிஷம்” என்பதைவிட “22-ஆம் கட்டில், மூச்சு வாங்குது” என்று கட்டில் எண்ணையும் அறிகுறியையும் சேர்த்துச் சொன்னால் உடனே திரும்புவோம். ஊசி குத்திய இடம் வீங்கினாலோ எரிந்தாலோ சொல்லுங்கள், சொட்டின் வேகத்தை நீங்களே கூட்டாதீர்கள். பக்கத்துக் கட்டிலில் துணையில்லாமல் ஒருவர் இருந்தால் அவர்மீதும் ஒரு கண் வையுங்கள். அண்ணாச்சி இன்று உயிரோடிருப்பது, அவருக்கு எந்த உறவும் இல்லாத அந்தப் பையனால். ஆனால் இந்த வேலை உறவினர் தலையில் விழக்கூடாத வேலை என்பதை நான் மறக்கவில்லை. கூலியை விட்டுவிட்டு வந்து இரவெல்லாம் விழித்திருக்கும் மகனை எண்ணிக்கையில் சேர்த்துத்தான் நம் வார்டுகள் நடக்கின்றன.

எல்லாவற்றையும் விட எங்களுக்குப் பயன்பட்டது எழுதி வைத்ததுதான். “ஆள் போதவில்லை” என்று எழுதினால் அது புலம்பலாகப் போய்விடும். எனவே ஒவ்வோர் இரவும் நோயாளிகள் எத்தனை, செவிலியர் எத்தனை, ஒருத்தி தனியாக இருந்த நேரம் எவ்வளவு, எந்தெந்தக் கட்டிலுக்கு எந்த வேலை விடுபட்டது என்று நான்கே வரிகள் எழுதினோம். விடுபட்டதை நாமே எழுதிக் கொடுத்தால் மெமோ வருமே என்று சிலர் பயந்தார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. செவிலியர் அனைவருக்கும் தலைவியான மெட்ரன் ஒரு முறை கூப்பிட்டு, இப்படி எழுத வேண்டாம் என்றார். பொறுப்புச் சகோதரி, “மேடம், நடந்ததை எழுதாமல் நடக்காததை எழுதச் சொல்கிறீர்களா?” என்று நிதானமாகக் கேட்டார். அவர் ஓய்வு பெற ஒன்றரை ஆண்டுகள்தான் இருந்தன. மூன்று மாதக் குறிப்புகளை ஒரே தாளில் தொகுத்து அவரே நிர்வாகத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

இரவுப் பணிக்கு மூன்றாவதாக ஒருத்தியைக் கொடுத்தார்கள். அவள் வந்த முதல் வாரத்தில், நள்ளிரவுச் சுற்றில் 42 பேரின் இரத்த அழுத்தமும் விடுபடாமல் எடுத்து முடித்த இரவில், நாங்கள் மூவரும் மாறி மாறிப் பத்துப் பத்து நிமிடம் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிட்டோம். அவளைப் பெண்கள் வார்டிலிருந்து எடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அங்கே இரவில் மூவராக இருந்தவர்கள் இருவராகிவிட்டார்கள். எங்கள் நான்கு வரிக் குறிப்பு எப்படி எழுதப்படுகிறது என்று கேட்டு அந்த வார்டிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள்; ரிப்போர்ட் புத்தகத்தைக் கொடுத்தேன், அவள் நின்றபடியே படித்துத் தன் நோட்டில் குறித்துக்கொண்டு போனாள்.